தீவு பாக்கப் போன உறைமோர்

ஒரு ஊர்ல ஒரு தயிர்ச்சட்டி இருந்துச்சு. அந்தச் சட்டிக்கு ஒரு பொம்பளை இருந்தா. அந்தப் பொம்பளைக்கு ஒரு புருசன் இருந்தான். என்ன சிரிக்கறே? வரிசை சரிதான் கண்ணு. அந்த ஊட்டுல சட்டிதான் மொதல்ல, புருசன் அதுக்கு அப்புறம். சிரிச்சது போதும், போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டு ம் சொல்லு.

"ம்."

பொம்பளை பேரு பாவாயி. புருசன் பேரு செங்கோடன். கடலைக் கண்ணால பாக்காத ஊரு அது. சுத்தியும் கரடு, சோளக்காடு, மாடு, கன்னு. மழை பேஞ்சா குட்டையில தண்ணி நிக்கும், அதையே எல்லாரும் போய் வேடிக்கை பாப்பாங்க. செங்கோடனுக்குச் சின்ன வயசுலருந்து ஒரே ஆசைதான். ஒரு நாளாச்சும் கடலைப் பாத்துரணும். கரையில உக்காந்து, யாரும் கூப்புடாம, ஆற அமரப் பாத்துக்கிட்டே இருக்கணும்.

பாவாயிக்கு அப்படி ஒரு ஆசையும் இல்ல. அவ உசுரு தயிர்ல இருந்துச்சு. ஏன்னு கேளு. அவ கல்யாணமாகி வந்தப்போ அவங்கம்மா ஒரு சின்ன எவர்சில்வர் தூக்குப்போசில தயிர் ஊத்தி, மூடியை அமுக்கி மூடி, கையில குடுத்து அனுப்புனாங்க. "போற ஊட்டுல இதுலருந்தே உறை ஊத்திக்க சாமி"ன்னாங்க. அன்னைக்கு ஊத்துன உறைதான். ராத்திரிப் பாலுக்கு அந்தத் தயிர், மறுநாள் பாலுக்கு மறுநாள் தயிர்னு ஒரு நாள் கூட விட்டுப்போகாம ஓடிக்கிட்டே இருந்துச்சு. அம்மா போய்ச் சேந்துட்டாங்க. அவங்க உறை மட்டும் பாவாயி ஊட்டு அடுப்பங்கரையில இருந்துச்சு. சாப்புடறப்போ ஒரு வாய் தயிருஞ்சோறு உள்ள போனா, அம்மா பக்கத்துல வந்து உக்காந்த மாதிரி இருக்குமாம் அவளுக்கு.

அதனால அதை ஒருத்தருக்கும் குடுக்க மாட்டா. மாட்டைக் கேளு, குடுப்பா. கன்னைக் கேளு, குடுப்பா. உறைமோர் மட்டும் ஒரு சொட்டு வெளிய போகாது.

பக்கத்து ஊட்டுல வஞ்சியம்மான்னு ஒருத்தி. அவளுக்கு நாலு பசங்க. நாலும் சட்டியை வழிச்சு, விரலை நக்கி, சட்டியையும் நக்கி வெச்சிருவானுங்க. உறைக்குன்னு ஒரு துளி நிக்காது. அப்போ அவ என்ன பண்ணுவா? சாயங்காலமானா கிண்ணத்தை எடுத்துக்கிட்டு பாவாயி ஊட்டு வாசலுக்கு வருவா. சரட் சரட்னு செருப்புச் சத்தம் கேக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் பாவாயி கையில இருக்கறதைப் போட்டுட்டு உள்ள ஓடிப்போய் விளக்கை ஏத்திருவா.

ஏன்னா, விளக்கு வெச்சதுக்கு அப்புறம் பாலு, தயிரு எதையும் வாசலைத் தாண்டிக் குடுக்கக் கூடாதுன்னு அந்த ஊர்ல ஒரு பழக்கம். நம்ம ஊட்லயும் உண்டே. அந்தப் பழக்கத்தை இவ நல்லாப் பிடிச்சுக்கிட்டா.

"அக்கா, ஒரு கரண்டி உறைமோர்..."

"விளக்கு வெச்சாச்சே வஞ்சி."

வெளிய பாத்தா வெயில் சுள்ளுனு அடிச்சுக்கிட்டு இருக்கும். மாடு கூட இன்னும் மேய்ச்சல்லருந்து வந்திருக்காது. வஞ்சியம்மா வெயிலைப் பாப்பா, விளக்கைப் பாப்பா, வெறுங்கிண்ணத்தோட திரும்பிப் போவா.

இதைச் செங்கோடன் பாத்துட்டே இருந்தான். அவனுக்கு மனசு கேக்கலை. மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால ரெண்டு ஊட்டுக்கும் நடுவுல ஒரு இடுப்புயரச் சுவர் இருந்துச்சு. அவன் யோசிச்சான். வாசல் வழியாத்தானே குடுக்கக் கூடாது? சுவர் வாசல் இல்லையே. இப்படித் தானா ஒரு சட்டத்தைப் போட்டுக்கிட்டான். பாவாயி பால் கறக்க உக்காந்ததும் பூனை மாதிரி அடுப்பங்கரைக்குள்ள போவான், ஒரு கரண்டி தயிரை மோந்துக்குவான், சுவத்துகிட்ட வந்து டொக் டொக்னு தட்டுவான். அந்தப் பக்கம் கிண்ணம் வரும். இந்தப் பக்கம் கரண்டி சாயும். பொளக். அவ்வளவுதான். தினமும் இப்படி. பாவாயிக்குத் தெரியவே தெரியாது. தெரிஞ்சா அவனுக்குச் சோறே கிடையாது. நீ யாருகிட்டயும் சொல்லிராத.

"ம்."

அப்புறம் என்னாச்சு, மாட்டுத் தீவனக் கடையில ஒரு குலுக்கல் போட்டாங்க. மொதப் பரிசு மோட்டார் சைக்கிள். ரெண்டாம் பரிசு, நடுக்கடல்ல இருக்கற ஒரு தீவுக்கு ரெண்டு பேரு போயிட்டு வரலாம், சாப்பாடு தங்கலெல்லாம் சேத்தி. சீட்டை எடுத்தாங்க. செங்கோடன் பேரு வந்துச்சு. அவனுக்குக் காலு தரையில நிக்கலை. துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தான்.

பாவாயி கேட்ட மொதக் கேள்வி, "உறையை என்ன பண்றது?"

அப்போ வஞ்சியம்மா வந்து சொன்னா, "மாடு கன்னை நான் பாத்துக்கறேன்க்கா. அந்த உறையையும் என்கிட்ட விட்டுட்டுப் போங்க. தினமும் ஊத்தி வெக்கறேன்."

"மாட்டைப் பாத்துக்க வஞ்சி. உறை எங்கூட வருது."

வஞ்சியம்மா செங்கோடனைப் பாத்தா. செங்கோடன் கூரையைப் பாத்தான். அவ முந்தானையை வாயில வெச்சு சிரிப்பை அடக்கிக்கிட்டு அக்கட்டால போயிட்டா.

அம்மா குடுத்த அதே தூக்குப்போசியில உறையை ஊத்தி எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டாங்க. ரயிலு தடக் தடக்குனு போச்சு, கப்பலு பாங்ங்னு ஊதுச்சு. செங்கோடன் ரெண்டு கையாலயும் கம்பியைப் புடிச்சுக்கிட்டு கடலைப் பாத்தான். நீலமுன்னா நீலம், கண்ணு போற வரைக்கும் நீலம். மீனு வெள்ளி வெள்ளியாத் துள்ளுச்சு.

"பாவாயி, இங்க வந்து பாரேன்."

"போசி ஆடுதுங்க. ஆடுனா தயிரு உறையாது."

மடியில போசியை வெச்சு, அதை ரெண்டு கையாலயும் அணைச்சு, குனிஞ்ச தலை நிமிராம உக்காந்திருந்தா. கப்பல்ல டீ போடறவன்கிட்ட சாயங்காலத்துக்குச் சாயங்காலம் பால் வாங்கிக் காய்ச்சி, உறையை மாத்தி மாத்தி ஊத்துனா. கடல் பக்கம் திரும்பக் கூட இல்ல.

தீவு வந்துச்சு. ஐயோ கண்ணு, அது தீவா அது. கரையோரமெல்லாம் தென்னை, அதுக்குப் பின்னால காடு, காட்டுக்கு மேல ஒரு மலை. மணலு அரிசி மாவாட்டம் வெள்ளையா இருந்துச்சு. கிளிக தலைக்கு மேல கீச்சுக் கீச்சுன்னு போச்சு. தங்கற குடிசை கடலைப் பாத்த மாதிரியே இருந்துச்சு. அதை நடத்தறவன் பேரு லாரன்சு. நம்ம பாசைதான் பேசுனான், ஆனா கொஞ்சம் ராகம் போட்டுப் பேசுவான்.

"வாங்கம்மா, வாங்கய்யா. அருவி பாக்கலாம், பவளப்பாறை பாக்கலாம், மேக்கால முனையில சூரியன் விழுறதைப் பாக்கலாம். மொதல்ல டீ குடிங்க."

டீ வந்துச்சு. கருகருன்னு இருந்துச்சு. பாவாயி டம்ளரையே பாத்தா.

"தம்பி, பால் எங்க?"

"பால் வர்ற படகு காத்துக்கு வரலைம்மா. எப்ப வருமோ தெரியாது."

பாவாயிக்குத் தலை கிறுகிறுன்னு சுத்துச்சு. புதுப் பால் இல்லன்னா உறை புளிக்கும். புளிச்சுப் புளிச்சுக் கெட்டுப்போகும். கெட்டுப்போனா அம்மா ஊத்திக் குடுத்தது அத்தோட சரி.

லாரன்சு பாவம் பாத்துச் சொன்னான், "போசியை நம்ம குளிர்ப்பெட்டில வைங்கம்மா." பாவாயி போய்த் தொறந்து பாத்தா. உள்ள பூரா மீனு. ஒரு பெரிய மீனு வாயைப் பொளந்துக்கிட்டு இவளையே மொறைச்சுப் பாத்துச்சு. டமார்னு மூடிட்டு வந்துட்டா. "அதுல வெச்சா எங்கம்மா தயிரு மீன் கொழம்பாயிரும்"ன்னா.

அப்போ லாரன்சு இன்னொண்ணும் சொன்னான். "பளபளன்னு இருக்கற பாத்திரத்தை வெளிய வெக்காதீங்கம்மா. இங்க ஒரு நண்டு இருக்குது, எதைப் பாத்தாலும் தூக்கிட்டுப் போயிரும்." பாவாயி அதைக் காதுலயே போட்டுக்கலை. நண்டாவது, பாத்திரத்தைத் தூக்கறதாவது, ஊருக்குப் புதுசுன்னு கயிறு திரிக்கறான்னு நெனைச்சுக்கிட்டா.

தூங்கிட்டியா?

"ம்கூம்."

மொத நாளு. அருவிக்கு மேல ஒரு குடித்தனக்காரங்க மாடு வெச்சிருக்காங்கன்னு கேள்விப்பட்டதும் பாவாயி போசியை ஈரத்துணியில சுத்தி எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டா. செங்கோடன் பின்னாலயே ஓடுனான். காடு கண்ணு, காடு. மரமெல்லாம் நாலு பேரு கைகோத்தாலும் புடிக்க முடியாது. கொடிக தாம்புக்கயிறு மாதிரி தொங்குது. உள்ளங்கையத்தனை பட்டாம்பூச்சி, நீல நீலமா, படபடன்னு மூஞ்சிகிட்ட வந்துட்டுப் போகுது. செங்கோடன் நின்னு நின்னு பாத்தான். பாவாயி நிக்கவே இல்ல.

கொஞ்ச தூரத்துல சோன்னு சத்தம். மலை மேல இருந்து அருவி விழுது. நொரை நொரையா, வெள்ளை வெளேர்னு விழுது.

செங்கோடனுக்கு வாய் தொறந்தது மூடலை. பாவாயி அண்ணாந்து ஒரு பார்வை பாத்தா.

"வெள்ளையாத்தான் இருக்குது. பாலா இருந்தாத் தேவலை"ன்னா. அப்புறம் போசியை அவன் கையில குடுத்து, "சாரல் படற மாதிரிப் புடிங்க, உறை குளுகுளுன்னு இருக்கட்டும். தண்ணி உள்ள போயிராம மூடியை அமுக்கிப் புடிங்க, இந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க"ன்னுட்டா. அவன் அருவிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, காட்டைப் பாத்துக்கிட்டு நின்னான். முதுகு பூரா நனைஞ்சுபோச்சு. இத்தனை தூரம் வந்து அருவியை முதுகால பாத்த ஆளு அவன் ஒருத்தனாத்தான் இருக்கும்.

அப்புறம் மேல ஏறுனாங்க. மூச்சு வாங்குது, புஸ்ஸு புஸ்ஸுன்னு. மாடு இருந்துச்சு. பாவாயிக்கு மொகம் மலந்துபோச்சு. கிட்டப் போய் வயித்தைத் தடவிப் பாத்தா. மொகம் சுருங்கிப்போச்சு.

"சினை மாடுங்க. பால் வத்திப்போச்சு."

எறங்கி வர்றப்போ அவ தேம்பற சத்தம் கேட்டுச்சு. செங்கோடன் மனசு அடிச்சுக்கிச்சு. உறைதான் வஞ்சியம்மா ஊட்டுல இருக்குதே. சொல்லிட்டா இவ அழுகை நிக்கும். ஆனா சொல்லிட்டா இவன் கதி என்னாகும்?

"பாவாயி, அது வந்து..."

"பேசாம வாங்க. பேசுனா காலு வழுக்கும்."

அவன் பேசாம வந்தான்.

ரெண்டாம் நாளு. கரைக்கு எதிர்ல ஒரு குட்டித் திட்டு, அதுல ஆடு மேயுதுன்னு லாரன்சு சொன்னான். கடல் வத்தற நேரத்துல நடந்தே போலாம், முழங்கால் தண்ணிதான், ஆனா தண்ணி ஏறறதுக்குள்ள திரும்பிரணும்னான். போனாங்க. தண்ணி கண்ணாடி மாதிரி. அடியில பவளப்பாறை, செகப்பு, மஞ்சள், ஊதான்னு கொழுக்கட்டையும் முறுக்கும் கொட்டி வெச்ச மாதிரி இருக்குது. நடுவுல மீனுக சுருக் சுருக்குனு ஓடுது. நட்சத்திரம் மாதிரி ஒண்ணு படுத்திருக்குது.

"பாவாயி, கீழ பாரு, நட்சத்திரம்."

"கீழ என்னத்துக்கு நட்சத்திரம்? ஆட்டைப் பாருங்க, அந்தப் பக்கம் போகுது."

ஆட்டைப் புடிச்சா. அவ கை பட்டா எந்த ஆடும் நிக்கும். சர்ர் சர்ர்னு ஒரு டம்ளர் நொரைப் பால் கறந்துட்டா. அங்கயே சுள்ளி பொறுக்கிக் காய்ச்சலாம்னா, சுள்ளியெல்லாம் ஈரம். அப்போ பாத்தா தண்ணி ஏறிக்கிட்டு வருது. களுக் களுக்குனு வருது. முழங்காலு, தொடை, இடுப்பு. பாவாயி போசியைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டா. பால் டம்ளரைச் செங்கோடன் தூக்கிக்கிட்டான்.

"எங்கயும் பாக்காம நேராப் பாத்து வாங்க"ன்னா.

அவனும் நேராத்தான் பாத்து வந்தான். பாதிக் கடல் தாண்டுறப்போ ஒரு மீனு, கிளிப்பச்சையும் ரோஸுமா, இவன் காலுக்குப் பக்கத்துல வந்து வாலை ஆட்டுச்சு. ஒரு நொடி கண்ணு, ஒரே நொடி குனிஞ்சான்.

தொபக்.

எந்திரிச்சான். டம்ளர் கையில இருந்துச்சு. டம்ளருக்குள்ள கடல் இருந்துச்சு.

பாவாயி திட்டவே இல்ல. திட்டியிருந்தாக் கூடத் தேவலை. போசியை இன்னும் ஒசத்திப் புடிச்சுக்கிட்டுக் கரையைப் பாத்து நடந்தா. சாப்புடறப்போ அவன் மெல்ல ஆரம்பிச்சான்.

"பாவாயி, உறை போனாலும் நம்ம ஊர்ல..."

"நம்ம ஊர்ல யாருகிட்டங்க எங்கம்மா உறை இருக்குது?"

அவன் சோத்தைப் பாத்துக் குனிஞ்சுக்கிட்டான். வாய் வரைக்கும் வந்துச்சு, உள்ள போயிருச்சு. தைரியம் இல்லாத ஆளு. எனக்கு இந்த எடத்துக்கு வந்தாலே கோவம் வரும். சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே. கேக்கறியா?

"ம்."

மூணாம் நாளு. போசியை மோந்து பாத்தா, புளிப்பு மூக்குல குத்துது. படகும் வரலை, பாலும் வரலை. செங்கோடன் பயந்து பயந்து ஒரு யோசனை சொன்னான். "தேங்காப் பால்ல ஊத்திப் பாப்பமா? இன்னைக்கு ஒரு நாளைக்கு உசுரைப் புடிச்சுக்கிட்டு இருக்குமில்ல." பாவாயிக்கும் வேற வழி தெரியலை. மேக்கால முனையில தென்னந்தோப்புக்குள்ள உக்காந்து தேங்கா ஒடைச்சுத் துருவிப் புழிஞ்சாங்க. கெட்டிப் பாலா வந்துச்சு. உறை இருந்த போசியிலயே அதை ஊத்தி, மூடி, நெழல்ல ஈர மணலைப் பறிச்சு உள்ள வெச்சா. மூடி மட்டும் வெளிய தெரிஞ்சுது. பளபளன்னு.

ரெண்டு பேரும் கை கழுவத் தண்ணிக்குப் போனாங்க. அப்போ பின்னால ஒரு சத்தம்.

கர்ரக். கர்ரக். கர்ரக்.

திரும்பிப் பாத்தா, நண்டு. நம்ம வயக்காட்டு நண்டு இல்ல கண்ணு. பூனை அத்தனை இருக்குது. என்ன கலரா? ஊதாவும் செகப்பும் கலந்து ஒரு கலரு. ஒரு கொடுக்குல போசியோட கைப்புடியைப் புடிச்சுக்கிட்டு, சந்தைக்குப் போற ஆளாட்டம் தூக்கிட்டுப் போகுது.

"ஏனுங்க, எங்கம்மா போகுதுங்க"ன்னு கத்திக்கிட்டே பாவாயி ஓடுனா. நண்டு கர்ரக் கர்ரக்குனு ஓடுச்சு. செங்கோடன் தொப் தொப்னு ஓடுனான். தாழம்புதருக்குள்ள பூந்து, பாறை மேல ஏறி, மணல்ல சறுக்கி, ஒரு தென்னை மரத்தடிக்கு வந்தாங்க. நண்டு நிக்கலை. விறுவிறுன்னு மரத்துல ஏறிருச்சு, போசியோட. பாதி மரத்துல போய் நின்னுக்கிட்டு, ரெண்டு கண்ணையும் கொம்பு மாதிரி நீட்டி இவங்களைப் பாத்துச்சு.

"எறங்கு சாமி, உனக்குத் தேங்கா உரிச்சுத் தர்றேன்"னு பாவாயி கெஞ்சுனா.

நண்டு யோசிச்சுச்சு. இன்னொரு கொடுக்கால மூடியைத் தொட்டுப் பாத்துச்சு. ஒரு நெம்பு நெம்புச்சு. டப்.

மூடி ஒரு பக்கம் விழுந்துச்சு, போசி ஒரு பக்கம் விழுந்துச்சு. டொங்ங். உறையும் தேங்காப் பாலும் மழையாட்டம் கொட்டி மணல்ல சொய்ங்னு எறங்கிருச்சு. கொஞ்சம் செங்கோடன் தலையில விழுந்துச்சு. பாவாயி மணலைக் கையால வாரி வாரிப் பாத்தா. ஒண்ணும் நிக்கலை.

அப்படியே உக்காந்துட்டா. வெறும் போசியை மடியில வெச்சுக்கிட்டு சின்னப் புள்ளையாட்டம் அழுதா.

"இத்தனை வருசம் எங்கம்மாவைக் காப்பாத்தி வெச்சிருந்தேனுங்க. நானே கொண்டாந்து கடல்ல தொலைச்சிட்டேன்."

அதுக்கு மேல செங்கோடனுக்குத் தாங்கலை. சோறு போனாப் போகுதுன்னு முடிவு பண்ணிட்டான். தலையில வழிஞ்ச தேங்காப் பாலைத் துண்டால தொடைச்சுக்கிட்டு அவ பக்கத்துல உக்காந்தான்.

"உங்கம்மா உறை போகலை பாவாயி. இருக்குது."

"எங்க?"

"வஞ்சியம்மா ஊட்டுல."

"அவ ஊட்டுக்கு எப்படிப் போச்சு?"

"நாந்தான் குடுத்தேன். சுவத்துக்கு மேல."

"எப்போ?"

"தினமும்."

அலை வந்துச்சு. ஸ்ஸ்ஸ்னு திரும்பிப் போச்சு. இன்னொரு அலை வந்துச்சு. அப்புறம் பாவாயி கேட்டா.

"எத்தனை வருசமா?"

"அவ மூத்தவனுக்குப் பால் பல்லு விழுந்து புதுப் பல்லு மொளைச்ச வருசத்துலருந்து."

"அவனுக்கு இப்போ மீசை மொளைச்சிருக்குது."

"ஆமா."

"விளக்கு வெச்சதுக்கு அப்புறமா குடுத்தீங்க?"

"என்ன பண்றது? நீதான் வெயில் எறங்கறதுக்கு முன்னாலயே வெச்சிருவியே."

பாவாயி கையை ஓங்குனா. செங்கோடன் கண்ணை மூடிக்கிட்டான். அடி விழலை. ஒரு கண்ணை மட்டும் தொறந்து பாத்தான். ஓங்குன கையால முந்தானையை இழுத்து மூக்கைச் சிந்திக்கிட்டு இருந்தா.

"இதை மொத நாளே சொல்லாம, என்னை மலையேத்தி, கடல்ல நடத்தி, நண்டுகூட ஓட வெச்சீங்களா?"

"சொல்லத்தான் வந்தேன். நீ எங்க விட்டே?"

அவளுக்குச் சிரிப்பு வந்துருச்சு. அழுகையும் நிக்கலை, சிரிப்பும் நிக்கலை. ரெண்டும் ஒண்ணா வந்து விக்கல் எடுத்துச்சு. விக்கலுக்குத் தலையை நிமித்துனா. நிமித்துனவ அப்படியே அசந்து போயிட்டா. ஏன்னா அப்போதான் சூரியன் எறங்கிக்கிட்டு இருந்துச்சு. கடல் பூரா செகப்பா, அலையெல்லாம் பொன்னா, தூரத்துல ஒரு பறவை வரிசை கறுப்புக் கோடா போய்க்கிட்டு இருந்துச்சு.

"ஏனுங்க, கடலு இத்தனை பெருசா?"

"நாம வந்த நாள்லருந்து இங்கதான் இருக்குது."

போசியைக் கடல்ல கழுவிக் கவுத்து வெச்சா. ஊரை விட்டுக் கெளம்புனதுலருந்து அப்போதான் அவ கை ரெண்டும் சும்மா இருந்துச்சு. அந்தக் கையால புருசன் கையைப் புடிச்சுக்கிட்டு, இருட்டற வரைக்கும் ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே இருந்தாங்க. அவனுக்குச் சின்ன வயசு ஆசை அன்னைக்குத்தான் நெறைஞ்சுது.

மிச்ச நாளெல்லாம் ஒரே கும்மாளம். பாவாயிதான் மொதல்ல எந்திரிச்சு "வாங்க, போலாம்"னு இழுப்பா. அருவிக்கு நேரா நின்னு தலையைக் குடுத்து, ஹோன்னு கத்திக் குளிச்சா. நட்சத்திர மீனை வேடிக்கை பாத்து மணிக்கணக்காத் தண்ணியில நின்னா. அந்த நண்டுக்குக் கூட ஒரு தேங்கா உரிச்சு வெச்சுட்டு வந்தா.

தூங்காத, இன்னும் கொஞ்சந்தான்.

"...ம்."

திரும்பி வர்ற கப்பல்ல அவளுக்குப் புதுக் கவலை வந்துருச்சு. "ஏனுங்க, நீங்க அங்க இல்லையே. யாரு அவளுக்குக் கரண்டி நீட்டுவாங்க? அந்த நாலு தடியனுங்களும் சட்டியை வழிச்சு நக்கியிருப்பானுங்களே."

செங்கோடனுக்கும் திக்குனு ஆச்சு. அதை அவன் யோசிக்கவே இல்ல. வழி பூரா ரெண்டு பேரும் குலசாமியை வேண்டிக்கிட்டே வந்தாங்க.

ஊருக்கு வர்றப்போ பொழுது சாஞ்சு போச்சு. தெருவுல எல்லா ஊட்டுலயும் விளக்கு எரியுது. பாவாயி பையைக் கூட எறக்கி வெக்கலை. வெறும் போசியை எடுத்துக்கிட்டு வஞ்சியம்மா ஊட்டு வாசலுக்குப் போனா. சரட் சரட்னு அவ செருப்புச் சத்தம் அவளுக்கே கேட்டுச்சு.

"வஞ்சி, ஒரு கரண்டி உறைமோர்..."

வஞ்சியம்மா வெளிய வந்தா. போசியைப் பாத்தா. பாவாயி மொகத்தைப் பாத்தா. தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சுக்கிட்டுச் சொன்னா.

"விளக்கு வெச்சாச்சே அக்கா."

பாவாயிக்குக் காது ரெண்டும் சூடாயிருச்சு. "சரி வஞ்சி, நாளைக்கு வெடியால வர்றேன்"னு சொல்லிட்டுத் திரும்பி வந்துட்டா. பாலைக் கறந்து, காய்ச்சி, ஆத்தி, பதமா வெச்சுட்டுப் பக்கத்துல உக்காந்தா. பால் இருக்குது, உறை இல்ல. அந்த அடுப்பங்கரையில அப்படி அவ உக்காந்ததே இல்ல. வெறுங்கிண்ணத்தோட திரும்பிப் போறது எப்படி இருக்கும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

அப்போ மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால ஒரு சத்தம்.

டொக் டொக்.

பாவாயி செங்கோடனைப் பாத்தா. "நான் இங்கதான் இருக்கேன்"னான் அவன். போசியோட ரெண்டு பேரும் ஓடுனாங்க. சுவத்துக்கு மேல ஒரு கை. கை நெறைய வளையல். கையில ஒரு கரண்டி, கரண்டி நெறையத் தயிரு.

"போசியைக் காட்டுங்கக்கா, கை வலிக்குது. வாசல்ல குடுக்கறதுதான் தப்பு, சுவத்துக்கு மேல குடுத்தா தப்பில்லைன்னு உங்க ஊட்டுக்காரருதான் சொன்னாரு."

பாவாயி போசியை நீட்டுனா. பொளக்.

"பசங்க நக்கலையா வஞ்சி?"

"அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தேன்க்கா. தினமும் அழுகறானுங்க. உங்க பக்கம் கரண்டி நீட்ட ஆளில்லைன்னு எனக்குத் தெரியாதா?"

பாவாயி உள்ளங்கையில ஒரு சொட்டு விட்டு நாக்குல வெச்சா. கண்ணை மூடிக்கிட்டா. அம்மா. அப்படியே அம்மா. ஒரு துளி மாறலை. சுவத்துக்கு மேல எட்டி வஞ்சியம்மா கையைப் புடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதுட்டா. எதுக்கு அழுகறாங்கன்னு தெரியாம மாடு கூட ம்மான்னு சேந்துக்கிச்சு.

அதுக்கு அப்புறம் தினமும் விளக்கு வெக்கறதுக்கு முந்தியே பாவாயி கரண்டியோட சுவத்துகிட்டப் போயிருவா. வாசல் வழியாக் குடுக்கலாம்தான். ஆனா சுவத்துல சாஞ்சுக்கிட்டாத்தானே ரெண்டு வார்த்தை பேச முடியும். அந்தத் தீவைப் பத்தி, அருவியைப் பத்தி, நண்டைப் பத்தி, ஒரு கரண்டி ஊத்தறதுக்கு ஒரு கதை சொல்லுவா. செங்கோடனுக்குத்தான் வேலை போச்சு. அவன் சும்மா உக்காந்து சோறு வரட்டும்னு பாத்துக்கிட்டு இருந்தான். சோறு வந்துச்சு. நெறையத் தயிரும் வந்துச்சு.

அவ்வளவுதான் கண்ணு. பால் ஆறியாச்சு, உறை ஊத்தியாச்சு, சட்டியை மூடியாச்சு. இனி ஆட்டக் கூடாது. ஆட்டுனா உறையாது. கையை உள்ள வெச்சுக்க, காலை நீட்டிக்க, கண்ணை மூடிக்க. அசையாம இரு, தூக்கம் தானா உறைஞ்சிரும். கதை உறைஞ்சுபோச்சு, தூங்கு.